இணைப்பு இரயில் தவறினால்...?



எங்கள் மீமிசலில் இரயில் நிலையம் இல்லை. ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பளமும் வயலும், ஊடே கிழக்குக் கடற்கரைச் சாலை. இரயிலேற வேண்டுமாயின் அறந்தாங்கிக்கோ காரைக்குடிக்கோ பேருந்தில் செல்ல வேண்டும். இத்தகைய ஊரில் மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவன், நாடு விட்டு நாடு செல்லும் இரயில் பயணத்தைப் பற்றி எழுத முன்வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

அண்மையில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் பகுதியைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். முப்பது ஆண்டுகள் வளைகுடாவில் உழைத்து ஓய்ந்த சபராளி அவர். மகன் ஐரோப்பிய நாடு ஒன்றில் பணிபுரிகிறார். மகள் தம் கணவருடன் அதன் அண்டை நாட்டில் வாழ்கிறார். மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. மகன் வீட்டுக்குச் சென்றிருந்த பெரியவரும் அவர் மனைவியும் அங்கிருந்து மகளிடம் செல்ல இரயிலில் புறப்பட்டனர். மகன் இருவருக்கும் 'இரயில் பாஸ்' எடுத்துத் தந்து, விரைவு வண்டியில் இருக்கையும் பதிவு செய்து தந்திருந்தார். வழியில் ஒரே ஒரு நிலையத்தில் வண்டி மாற வேண்டும். முதல் வண்டி நாற்பது நிமிடம் தாமதமாயிற்று. இவர்கள் இறங்கிப் பார்த்தபோது இணைப்பு வண்டி போய்விட்டிருந்தது. அதுவே அன்றைய கடைசி வண்டி!

மொழி தெரியாது. கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டது. மனைவியின் சர்க்கரை நோய்க்கான மருந்து பெரிய பெட்டியின் அடியில் கிடந்தது. நிலையத்தின் பெஞ்சிலேயே குளிரில் இரவைக் கழித்தார்கள். வண்டி போனதோடு பாஸும் போயிற்று என்று எண்ணி, விடிந்ததும் பெருந்தொகை கொடுத்து இரண்டு புதிய சீட்டுகளை வாங்கி ஏறினார்கள். அவர்கள் போய்ச் சேரும் முன்பே பேரன் பிறந்துவிட்டான்.

பட்டம் படித்தவன் என்பதால் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுத ஊரார் என்னிடம் வருவது வழக்கம். அப்படித்தான் அவரும் வந்தார். அவர் கொடுத்த தாள்களைப் படித்துப் பார்த்த எனக்கு மனம் கனத்தது. பாஸில் இன்னும் மூன்று நாள் பயணம் மீதமிருந்தது! புதிய சீட்டு வாங்கத் தேவையே இருக்கவில்லை. இதை நான் சொன்னதும் அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "காசு போனால் போகட்டும் தம்பி. கையில் சீட்டை வைத்துக்கொண்டே நாதியற்றவர்கள் போல உட்கார்ந்திருந்தோமே, அதைத்தான் மறக்க முடியவில்லை" என்றார்.

இன்று நம் இல்லங்களில் எத்தனை பிள்ளைகள் படிப்புக்கும் பணிக்கும் தொலைநாடுகளில் இருக்கிறார்கள்! அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர் எத்தனை பேர்! அவர்களுக்கும் அவர்களை வழியனுப்பும் பிள்ளைகளுக்குமே இக்கட்டுரை.

போட் மெயில் கற்றுத் தந்தது

எல்லை தாண்டிய இரயில் பயணம் நம் முன்னோருக்குப் புதிதன்று. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை இரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பின்னர் கொழும்புக்கு மீண்டும் இரயில் என்று ஒரே தொடராகப் பயணம் அமைந்தது. 'போட் மெயில்' என்று நம் பாட்டனார்கள் சொன்னது இதைத்தான். கடலில் ஏறத்தாழ 35 கிலோமீட்டரே பயணம். இலங்கையில் கடை வைத்திருந்த நம் கடற்கரை வணிகர்களுக்கு அது பழகிய பாதையாயிற்று.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சென்னையிலேயே கொழும்புக்குரிய சீட்டைப் பெற்றுவிடலாம். இரயில் கப்பல்துறை வரை செல்லும். இரயிலுக்கும் கப்பலுக்கும் ஒன்றையொன்று அனுசரித்தே நேரம் வகுக்கப்பட்டது. ஆகவே இணைப்பைப் பற்றிய கவலை பெரிதும் நிர்வாகத்தினுடையது, பயணியினுடையது அன்று.

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியே கடலுக்கு இரையாயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் சீர்செய்தார்கள். அதன் பின் இராமேசுவரத்திலிருந்து கப்பல் சென்றது. இலங்கையில் போர் மூண்ட 1980களில் அதுவும் நின்றுபோயிற்று.

இன்று நிலைமை என்ன? தலைமன்னார் துறைவரை 2015 மார்ச்சில் மீண்டும் இரயில் ஓடத் தொடங்கியது. பாம்பனில் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. போட் மெயில் என்ற பழைய பெயரைச் சுமந்துகொண்டு சென்னை எழும்பூர் வண்டி இராமேசுவரம் வருகிறது. இரு கரையிலும் இரயில் இருக்கிறது. இடையில் கப்பல்தான் இல்லை! அதற்கு மாறாக நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. கடலின் சீற்றத்தைப் பொறுத்து அது அவ்வப்போது நிறுத்தப்படுவதும் உண்டு. அதில் செல்பவருக்குப் பேருந்துச் சீட்டு வேறு, கப்பல் சீட்டு வேறு, அக்கரையில் இரயில் சீட்டு வேறு. ஒன்று தவறினால் மற்றொன்று பொறுப்பேற்காது.

ஆக, எந்த நாட்டில் பயணம் செய்தாலும் நாம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: இந்த இணைப்புக்கு யார் பொறுப்பேற்றிருக்கிறார்? பயணம் முழுமைக்கும் ஒரே சீட்டு என்றால் விற்றவருடைய பொறுப்பு. தனித்தனிச் சீட்டுகள் என்றால் பெரும்பாலும் நம் பொறுப்பு.

பாஸ் வேறு, இருக்கை வேறு

இரயில் பாஸ் என்பது என்ன? ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனை நாட்கள் இரயிலில் பயணம் செய்யலாம் என்ற பொது அனுமதியே பாஸ். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கான 'யூரெயில்' 1959இலும், அங்கேயே வசிப்போருக்கான 'இன்டர்ரெயில்' 1972இலும் தோன்றின. இவற்றின் பொதுப் பாஸ் இன்று 33 நாடுகளில் செல்லும். நம் இந்திய இரயில்வேயும் வெளிநாட்டவர்க்கும் வெளிநாடுவாழ் இந்தியர்க்கும் 'இண்ட்ரெயில் பாஸ்' வழங்கி வந்தது. 2017இல் அது நிறுத்தப்பட்டது.

பாஸ் இருந்தால் எல்லா வண்டியிலும் இருக்கை உறுதி என்று எண்ணிவிடலாகாது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பெரும்பாலான வண்டிகளில் முன்பதிவின்றியே ஏறலாம். பிரான்சின் அதிவேக வண்டி, ஸ்பெயின், இத்தாலி நாடுகளின் விரைவு வண்டிகள், இலண்டன் செல்லும் யூரோஸ்டார் ஆகியவற்றில் பாஸோடு முன்பதிவும் கட்டாயம். அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

நமக்குப் புரியும்படி சொல்வதானால், பாஸ் என்பது நிக்காஹ் விருந்துக்கான அழைப்பு. முன்பதிவு என்பது முதல் பந்தியில் நமக்கென ஒதுக்கிய இடம். முதல் பந்தி தவறினால் அந்த இடம் போகும், அழைப்பு போய்விடுமா? போகாது! அடுத்த பந்திக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவே. நம் பெரியவர் இழந்தது முன்பதிவை மட்டுமே. பாஸ் உயிரோடுதான் இருந்தது. இந்த ஒரு வேறுபாடு தெரியாததால்தான் அத்தனை பணமும் அந்த இரவின் துன்பமும்!

தவறிய அந்த வேளையில்

வண்டி தாமதமாவது ஐரோப்பாவில் அரிது என்று எண்ணாதீர்கள். ஒழுங்குக்குப் பெயர்போன ஜெர்மனியில்கூட 2024இல் நெடுந்தூர வண்டிகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 62 மட்டுமே குறித்த நேரத்தை ஒட்டி வந்து சேர்ந்தன. ஆகவே பதற்றம் வேண்டாம். செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

முதலாவது, தாமதமாகும் வண்டியில் இருக்கும்போதே நடத்துநரிடம் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் பாஸையும் இணைப்பு வண்டியின் முன்பதிவையும் காட்டினாலே போதும். அடுத்து எந்த வண்டி, எந்த நடைமேடை என்பதை அவர் பார்த்துச் சொல்லக் கூடும்.

இரண்டாவது, தாமதத்துக்குச் சான்று பெறுங்கள். நடத்துநரிடமோ நிலையத்தின் உதவி முகப்பிலோ தாமதத்தைக் குறித்து முத்திரையிட்டுத் தரும்படி கேளுங்கள். அறிவிப்புப் பலகையையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். பின்னால் எழுதும் எந்த விண்ணப்பத்துக்கும் இதுவே அடித்தளம்.

மூன்றாவது, முகப்பில் கேளாமல் புதிய சீட்டு வாங்காதீர்கள். பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம் முதலிய நாடுகளின் முக்கிய இரயில் நிறுவனங்கள் பயணத் தொடர்ச்சிக்கென ஓர் உடன்பாடு வைத்துள்ளன. தனித்தனிச் சீட்டுகள் வைத்திருப்போரும், முன் வண்டியின் தாமதத்தால் இணைப்பை இழந்தால், இடமிருப்பின் அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் செல்ல அது வழிசெய்கிறது. அது சட்டமன்று, நல்லிணக்க ஏற்பாடுதான். எனினும் பணிவோடு கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு. கேளாதவருக்கு எதுவும் இல்லை.

நான்காவது, சட்டம் தரும் உரிமையை அறிந்திருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூன் 7 முதல் புதிய பயணிகள் உரிமை விதி நடைமுறையில் உள்ளது. ஒரே ஒப்பந்தமாக வாங்கிய பயணத்தில், சேருமிடத்தை அடைய 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்றால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு வண்டியில் செல்வதா என்று பயணியே தேர்ந்துகொள்ளலாம். காத்திருக்கும் நேரத்துக்கேற்ப உணவும் நீரும் தர வேண்டும். மறுநாள்தான் செல்ல முடியும் என்றால், இயன்ற இடத்தில் தங்குமிடமும் அங்கு சென்றுவர வாகனமும் தர வேண்டும். மாற்று வழி என்னவென்று 100 நிமிடத்துக்குள் நிறுவனம் தெரிவிக்காவிட்டால், பயணி தாமே வேறு இரயிலிலோ பேருந்திலோ சென்று, நியாயமான செலவைக் கோரலாம். பாஸும் தனித்தனி முன்பதிவுகளும் கொண்டவரின் கோரிக்கை இத்துணை வலுவானதன்று. ஆயினும் நீண்ட தாமதத்துக்காகப் பாஸ் வழங்கிய நிறுவனத்திடம் இழப்பீடு கோரும் வழி அவர்களுக்கும் உண்டு.

ஐந்தாவது, மிக முக்கியமானது. பாஸ் இப்போது பெரும்பாலும் கைப்பேசிச் செயலியில்தான் இருக்கிறது. ஏறும் வண்டியை அதில் பதிந்த பிறகே ஏற வேண்டும். வண்டி மாறினால் பதிவையும் மாற்ற வேண்டும். இல்லையேல் சோதனையாளரிடம் அபராதம் கட்ட நேரும். பயண நாள் என்பது நள்ளிரவு தொடங்கி நள்ளிரவில் முடிவது. கடைசி வண்டி தவறி மறுநாள் ஏறினால் பாஸில் இன்னொரு நாள் கழியும். நேரடி இரவு வண்டியில் ஏறி, நள்ளிரவுக்குப் பின் வேறு வண்டி மாறாதிருந்தால் புறப்பட்ட நாள் ஒன்றே கணக்கு. ஆகவே பாஸ் வாங்கும்போதே தேவைக்கு மேல் ஒரு நாள் கூடுதலாக இருக்கும்படி வாங்குவது அறிவுடைமை.

புறப்படும் முன்

வெள்ளம் வருமுன் அணைபோடுவதே சிறப்பு. முன்பதிவு செய்யும்போது அன்றைய கடைசி வண்டியை இணைப்பாக வைக்காதீர்கள். அதற்கு முந்தைய வண்டியை வைத்தால், அது தவறினாலும் கடைசி வண்டி நமக்குத் துணையாக நிற்கும். பத்து நிமிட இடைவெளி இளைஞருக்குப் போதும். முழங்கால் வலியோடு பெட்டி தூக்கும் உம்மாவுக்குப் போதாது. ஒரு மணி நேரமாவது விடுங்கள். இலண்டன் வண்டிக்குக் கடவுச்சீட்டுச் சோதனையும் உண்டென்பதால் அதைவிடக் கூடுதலாக விடுங்கள்.

தொழுகைக்குரிய நேரத்தையும் அந்த இடைவெளியில் கணக்கிடுங்கள். முஸாஃபிருக்கு மார்க்கம் தந்துள்ள சலுகைகளை அவரவர் மத்ஹபின்படி ஆலிம்களிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால், நடைமேடையில் தடுமாற வேண்டியதில்லை.

விசாவையும் பாருங்கள். ஷெங்கன் விசா முடியும் நாளில் எல்லை தாண்டும் கடைசி வண்டியை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒருமுறை மட்டுமே நுழையும் விசாவுடன் பிரிட்டனுக்குச் சென்றால், மீண்டும் ஐரோப்பாவுக்குள் நுழைய இயலாது. இரயில் தாமதத்தால் விமானம் தவறினால் பாஸ் அதற்குப் பொறுப்பாகாது. ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முதல் நாளே அந்த நகரைச் சென்றடையுங்கள்.

கடிகாரமும் ஏமாற்றும்! மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடையே பாடாங் பெசார் எல்லை நிலையத்தில் வண்டி மாறும் நம்மவர் பலர். மலேசிய நேரம் தாய்லாந்து நேரத்தைவிட ஒரு மணி முன்னால் இருக்கிறது. தாய்லாந்திலிருந்து திரும்புபவர் தம் கடிகாரத்தை நம்பி நின்றால், மலேசிய வண்டி ஒரு மணிக்கு முன்பே போயிருக்கும்.

மருந்து, கடவுச்சீட்டு, சால்வை, சிறிது உணவு, கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் சாதனம் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும். பிள்ளைகளே! உங்கள் பெற்றோரின் கையில் ஒரு தாள் கொடுத்தனுப்புங்கள். "எங்கள் இணைப்பு வண்டி தவறிவிட்டது. எங்களிடம் இரயில் பாஸ் உள்ளது. தாமதத்துக்குச் சான்றும் அடுத்த வண்டியில் இடமும் தேவை" என்று அந்நாட்டு மொழியில் எழுதி, கீழே உங்கள் தொலைபேசி எண்ணைக் குறியுங்கள். ஆயிரம் அறிவுரைகளைவிட அந்த ஒரு தாள் பயன் தரும்.

நம் நாட்டிலும் உண்டு

அறந்தாங்கியிலோ காரைக்குடியிலோ ஏறி, திருச்சியில் வண்டி மாறி வடக்கே செல்வோருக்கும் இதே தொல்லை நேர்வதுண்டு. 2019 ஏப்ரல் 1 முதல் இந்திய இரயில்வே ஒரு வசதியைத் தந்துள்ளது. அடுத்தடுத்த இரண்டு வண்டிகளின் பி.என்.ஆர். எண்களை இணைத்துக்கொள்ளலாம். இரு சீட்டிலும் பயணியின் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வண்டி சேரும் நிலையமும் இரண்டாவது வண்டி புறப்படும் நிலையமும் பொருந்த வேண்டும். இப்படி இணைத்திருந்து, முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவது தவறினால், பயணம் செய்யாத பகுதிக்கான கட்டணத்தைப் பிடித்தமின்றித் திரும்பப் பெறலாம். முதல் வண்டி வந்து சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் கோர வேண்டும். இணையச் சீட்டென்றால் டி.டி.ஆர். பதிய வேண்டும், முகப்பில் வாங்கியதென்றால் சீட்டை ஒப்படைக்க வேண்டும். எண்களை இணைக்காதவருக்கு இச்சலுகை இல்லை. இங்கும் அதே கேள்விதான்: இணைப்புக்கு யார் பொறுப்பேற்றிருக்கிறார்?

பெரியவருக்காக விண்ணப்பம் எழுதி அனுப்பினோம். பல வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. அவராகவே வாங்கிய புதிய சீட்டுகளின் பணத்தைத் தர இயலாதாம். தாமதத்துக்காக மட்டும் ஒரு சிறு தொகை தருவார்களாம். படித்துக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார். "பேரனுக்கு ஒரு சட்டை எடுக்கக் காணும்" என்றார்.

அடுத்த ஆண்டு இன்ஷா அல்லாஹ் மீண்டும் செல்லவிருக்கிறார்களாம். இம்முறை மருந்து கைப்பையில் இருக்கும். கடைசி வண்டிக்கு முந்தைய வண்டியில் இடம் பதிந்திருக்கும். அவர் சட்டைப் பையில் மகன் எழுதிக் கொடுத்த தாள் இருக்கும். உங்கள் வீட்டிலிருந்து புறப்படுவோரின் பையிலும் அவ்வாறே இருக்கட்டும்!